கதவில் கட்டிய துண்டு

எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்த ஆள் பகலில் தூங்கினால், கதவு நாதாங்கியில் ஒரு துண்டைக் கட்டிவிடுவோம். துண்டைப் பார்த்தால் யாரும் தட்டமாட்டார்கள். கீரைக்காரிகூடக் குரலை இறக்கிக்கொண்டு போவாள். எங்கெங்கிருந்தோ வந்து நெய்வேலி குவார்ட்டர்ஸில் சேர்ந்த எங்களுக்குள் இருந்த ஒரே ஒற்றுமை அதுதான். அதில் எனக்குப் பெருமை வேறு.

எதிர் வீடு அம்சவல்லியக்காவுடையது. முத்தாண்டிக்குப்பத்துக்காரி, அறுபது வயது. மகன் சிங்காரவேல் மைன்ஸில் என் வீட்டுக்காரரோடு ஒரே ஷிப்டில் வேலை. அக்காவின் புருஷன் கண்ணையன் பக்கவாதம் வந்து ஐந்து வருஷமாகக் கட்டிலில் கிடந்தார். இடது கை மட்டும் அசையும். வாயிலிருந்து ‘ஆ’ என்ற சத்தம்தான் வரும். அவரைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள் ஒருத்திதான். “உங்கள மாதிரி யாருக்கு வரும்” என்று நாங்கள் வாய் நிறையப் புகழ்வோம். புகழ்ந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

ஒரு நாள் குழாயடியில், “எனக்கு ஒண்ணுமே புடிக்கல சுப்புலட்சுமி. சோறு மண்ணாட்டம் இருக்குது” என்றாள்.

“பித்தமா இருக்கும்க்கா. கஷாயம் வச்சுக் குடிங்க” என்றேன். பெரிய வைத்தியச்சி நான்!

அறுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் அவள் வீட்டுக் கதவில் துண்டு தொங்கியது. மூன்று வாரம் தொங்கியது. முதல் வாரம்தான் மகனுக்கு நைட் ஷிப்ட். அடுத்த இரண்டு வாரமும் அவனும் என் வீட்டுக்காரரும் பகலில்தான் வேலைக்குப் போனார்கள். சேர்ந்து சைக்கிளில் போவதை வாசலில் நின்று பார்ப்பேன். உடனே திரும்பி எதிர்க் கதவில் துண்டையும் பார்ப்பேன். அந்த வீட்டில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குவதற்கு ஆளே இல்லை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. மகன் திரும்பும் நேரத்துக்கு அவள் அதை அவிழ்த்துவிடுவாளாம், அதனால் அவனுக்கும் தெரியாது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையில் கண்ணையனின் ‘ஆ’ நிற்காமல் கேட்டது. துண்டை அவிழ்த்துவிட்டு உள்ளே போனேன்.

அவர் வெளுத்த வேட்டியும் திருநீறுமாக, தலை சீவிக் கிடந்தார். அக்கா கட்டிலடியில் சுவரில் சாய்ந்திருந்தாள். தலை சடை பிடித்திருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பக்கத்தில் தட்டில் சோறு காய்ந்து கிடந்தது. என்னைப் பார்த்தும் அவள் அசையவில்லை.

“என்னக்கா இது?”

“துண்டு கட்டுனா யாரும் வரமாட்டாங்கன்னுதான் கட்டுனேன். வந்தா சிரிக்கணும், பேசணும். முடியலம்மா.” பிறகு கதவைப் பார்த்தபடி, “ஆனா காது மட்டும் கதவுகிட்டயே இருந்துது. யாராச்சும் அவுத்துகினு வந்துட மாட்டாங்களான்னு” என்றாள்.

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவள் தலையை அலசி, கஞ்சி ஊட்டினேன். நாலு வாய் இறங்கியது.

மத்தியானம் சிங்காரவேல் வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு முகம் வெளிறிவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “நீயே இப்டி படுத்துகினா அப்பாவ யாரும்மா பாத்துக்குவா?” என்று கேட்டான்.

அதைக் கேட்டதும் அவள் கூந்தலை முடிந்துகொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, அடுப்படிக்குப் போனாள். “தேறிட்டாங்க” என்று அவன் என்னிடம் சொன்னான். நல்ல பிள்ளைதான். பயத்தில் கேட்டுவிட்டான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

அன்று சாயங்காலம் அந்தத் துண்டை எடுத்துவந்து என் அடுப்பில் போட்டேன். மறுநாள் காலை அக்கா தன் பழைய சேலையைக் கிழித்து, அந்தக் கிழிசலைக் கதவில் கட்டியிருந்தாள்.

அவிழ்த்துவிட்டுப் போனேன். அதன் பிறகு தினமும் அவள் கட்டுவாள், நான் அவிழ்ப்பேன். இரண்டு பேருமாகக் கண்ணையனைப் புரட்டிப் போடுவோம். சில நாள் என் கையால் சாப்பிடுவாள். சில நாள் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் பேசாமல் பக்கத்தில் இருப்பேன்.

மார்கழியில் ஒரு காலை கதவில் எதுவும் இல்லை. அக்காவுக்கு மனசு தெளிந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்போதுதான் இறக்கிய வெண்பொங்கலைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

விடியும் முன்பே மகனுக்குக் காபி போட்டுக் கொடுத்து ஷிப்டுக்கு அனுப்பியிருக்கிறாள். பிறகு கட்டிலடியில் பாய் போட்டுப் படுத்தவள்தான். சேலைக் கிழிசல் அவள் கையிலேயே இருந்தது. தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டிருந்தது.

கண்ணையனின் இடது கை கீழே தொங்கி அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. அன்று அவர் சத்தமே போடவில்லை. என்னைக் கண்டதும் கையை மெல்ல எடுத்து, விரலை உதட்டில் வைத்து, தூங்குகிறாள் என்று சைகை காட்டினார்.

நான் பொங்கல் கிண்ணத்தைச் சத்தம் வராமல் கீழே வைத்தேன்.