அலங்காரத்துக்கு மாட்டிய பாரோமீட்டர்

சங்கின் பொத்தானை அமுக்கப் போன அண்ணனின் மணிக்கட்டை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“படகு கிளம்பக் கூடாது.”

கீழே, தீவுக்குப் போகும் படகு நிரம்பி வழிந்தது. மேல்தட்டில் ஒரு பள்ளிக்கூடமே ஏறியிருந்தது. அவள் மகளும் அதில்தான். சங்கு ஊதினால் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள்; அப்புறம் தீவு வரும்வரை ஒதுங்க ஓர் இடம் கிடையாது.

அண்ணன் படகுத்துறை அதிகாரி. தங்கை கண்ணாடிக் குழாய் ஊதி, ஆய்வுக்கூடங்களுக்குக் கருவி செய்து கொடுப்பவள். மகளை ஏற்றிவிட்டு, அண்ணனிடம் தலையைக் காட்டிவிட்டுப் போகலாமென்று மாடியேறியவள், சுவரைப் பார்த்ததும்தான் பாய்ந்தாள்.

சுவரில் அந்தப் பழைய பாரோமீட்டர். நீண்ட தேக்குச் சட்டம். பித்தளைத் தகட்டில், என்றோ செத்துப்போன கருவிக்காரர் ஒருவரின் பெயர். குழாயில் பாதரசம் வழக்கத்தைவிட வெகு கீழே இறங்கியிருந்தது. அது அப்படி இறங்கினால் பெருங்காற்று வருகிறது என்று பொருள்.

அண்ணன் சிரித்தான். ஜன்னலைக் காட்டினான், ஒரு பொட்டு மேகம் இல்லை. மேஜைமேல் இருந்த புது மின்கருவியைக் காட்டினான்; காலையிலிருந்து எண் அசையவில்லை, அத்தனை நல்ல வானிலை என்றான்.

“நின்னுபோன கடிகாரம்கூடத்தான் அசையாது. உன் மிஷின் செத்துக் கிடக்குதுண்ணா.”

“அம்மா தாயே, அந்தப் பழசு அலங்காரத்துக்கு மாட்டினது. அது உனக்கே தெரியும். என் உத்தியோகத்துல கை வைக்காதே.”

அவள் வாதாடவில்லை. சட்டத்தின் அடியைப் பிடித்து மெல்ல, மிக மெல்லச் சாய்த்தாள். பாதரசம் ஏறிக் குழாயின் உச்சியில் மோதியது.

டிக்.

நகத்தால் கண்ணாடியைச் சுண்டியதுபோல் கணீரென்ற சத்தம். உச்சியில் துளிக் காற்று புகுந்திருந்தாலும் சத்தம் மொத்தையாகத்தான் வரும். கருவி சுத்தம், அது சொல்வதும் சுத்தம்.

அண்ணனின் முகம் வெளுத்தது. பேயைக் கண்டவன்போல பாரோமீட்டரையே பார்த்தான். பிறகு ஒலிபெருக்கியை எடுத்தான்.

“எல்லாரும் இறங்குங்க. படகு போகாது.”

கீழேயிருந்து திட்டு மழை. வெயிலுக்கே பயப்படுகிற அதிகாரியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் படகோட்டி. முணுமுணுத்தபடியே எல்லோரும் இறங்கிக் கூடத்துக்குள் வந்தார்கள். கடைசிப் பிள்ளை உள்ளே வரவும் அடிவானம் கறுக்கவும் சரியாக இருந்தது.

காற்று வீசவில்லை, விழுந்தது. கட்டிப்போட்ட படகே தறிகெட்டுக் குதித்தது. மேல்தட்டுக் கூரை பிய்ந்து கடலுக்குள் பறந்தது. பிள்ளைகள் சற்று முன் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளும் அதன் பின்னாலேயே போயின.

கூடத்தில் யாரோ கைதட்ட, திட்டிய வாய்களெல்லாம் வாழ்த்தின. படகோட்டி மாடியேறி வந்து பித்தளைத் தகட்டைத் தடவிக்கொடுத்தார். “அந்தக் காலத்து ஆளோட கைன்னா கைதான்.”

அவர் போனதும் அண்ணன் கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான்.

“பழைய குழாய் உடைஞ்சப்போ நான் என்ன சொன்னேன்? யாரு பாக்கப் போறா, ஒரு கம்பிக்கு வெள்ளிப் பெயின்ட் அடிச்சு உள்ள வச்சிடுன்னுதானே?”

“சொன்னே.” மாடியேறி வந்திருந்த மகளின் கலைந்த தலையைக் கோதியபடி தங்கை நிமிர்ந்தாள். “எனக்குத்தான் அப்படி ஏமாத்தக் கை வரலை. அது நான் ஊதின குழாய்.”