தட்டில் வைத்த தீர்ப்பு

“தீர்ப்ப விக்கப் போறியா? இன்னாடி இது, மாட்டுச் சந்தையா?”

பரந்தாமன் கத்திய கத்தலில் அம்பத்தூர் வீட்டுச் சுவரே அதிர்ந்தது. தங்கை சுசீலா அசைந்து கொடுக்கவில்லை.

அவளுக்கு விவாகரத்து ஆகி இரண்டு வருடம். கல்யாணத்தில் வரதட்சணையாக வாங்கிய பதினைந்தாயிரத்தை மாஜி புருஷன் குணசேகரன் திருப்பித் தரவேண்டும் என்று அப்போதே கோர்ட் தீர்ப்புச் சொல்லி டிக்ரி போட்டுவிட்டது. ஆவடி குவார்ட்டர்ஸில் ஜம்மென்று இருக்கும் அந்த மகராசன் காலணா தரவில்லை. சம்பளத்தை ஜப்தி செய்யலாம் என்றால், அவனுடைய தாய்மாமன் அப்பாவு ஓடி வந்தார். “வாழ்ந்த வூட்டு மேல ஜப்தி போடலாமாம்மா? பொம்பளைக்கு அழகா அது?” சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். ஆமாம் போட்டவர்களில் ஒருத்தராவது அவளுக்கு ஒரு வாய் காபி வாங்கிக் கொடுத்திருப்பாரா? ஹும்! ஒரு தையல் மிஷின் இருந்தால் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்து, அண்ணன் கையை எதிர்பார்க்காமல் பிழைத்துக்கொள்வாள்.

டிக்ரியை வாங்க வந்தவள் பாடியில் மெஸ் நடத்தும் பஞ்சவர்ணம். நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணாத்தே, கொஞ்சம் கம்னு இரு. பாப்பா, ஒம்பதாயிரம் ரொக்கம். உன் உரிமைய எனக்கு எழுதிக் குடுத்துடு. அப்பால அது என் டிக்ரி.”

“வராத காச வாங்கி இன்னாக்கா பண்ணப் போறீங்க?”

“அந்தக் குணசேகரனுக்குத்தான் என் பொண்ணு வசந்தாவக் கேட்டுகினு கீறாங்க. பதினைஞ்சாயிரம் வெச்சாத்தான் தட்டு மாத்துவாங்களாம். எங்க வூட்டுக்காரரு வாக்கு குடுத்துட்டு வந்துட்டாரு. பொண்ணு வேணவே வேணாங்குது.”

சுசீலா ஒரு கணம் விழித்தாள். விஷயம் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அன்றைக்கே வக்கீல் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் மிஷின் வந்து இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சவர்ணம் வீட்டில் நிச்சயதார்த்தம். பூ, பழம், வெற்றிலையோடு தட்டில் ஒரு கவர். குணசேகரனின் அம்மா முத்தம்மாள் அதை லபக்கென்று எடுத்து, எண்ணச் சொல்லி அண்ணன் அப்பாவுவிடம் நீட்டினாள். அவர் பிரித்தார்.

“இன்னாம்மா, காசு கேட்டா காயிதம் வெச்சிகீற?”

“உங்க பையன் சுசீலாவுக்குத் தர வேண்டிய பதினைஞ்சாயிரங்க. அந்த டிக்ரிய நான் வாங்கிட்டேன். முதல்ல அந்தக் காச எனக்குக் குடுங்க. அப்படியே இதே தட்டுல வெச்சித் திருப்பித் தர்றேன்” என்றாள் பஞ்சவர்ணம் சாவகாசமாக. “இல்லேன்னா நாளைக்கே சம்பளத்து மேல மனு.”

“யம்மா, மாப்பிள்ள வேணாம், காசு மட்டும் வாங்கு!” என்று உள்ளேயிருந்து வசந்தா குரல் கொடுத்தாள். கூடத்தில் ஒரே சிரிப்பு. அவளுடைய தகப்பனாரே துண்டால் வாயை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை செருப்பைத் தேடினான்.

முத்தம்மாள் அண்ணன் காதைக் கடித்தாள். “சுசீலாகிட்ட பேசுனியே, அந்த மாதிரி நாலு வார்த்த பேசி முடிச்சிடுண்ணே!”

அப்பாவு காகிதத்தைப் பயபக்தியோடு மடித்தார்.

“அது நம்ம வூட்டுக்கு வாழ வந்த பொண்ணும்மா, பேசுனா அடங்கிப் போச்சு. இது வெளியாளு காசு. ஞாயம்னு ஒண்ணு கீதில்ல? குடுத்துதான் ஆவணும்.”