குறைச் சுருட்டு

இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்களையும் என் வாய்தான் கெடுத்தது என்பது என் மனைவி கமலாசனியின் வழக்கு. தீர்ப்பையும் அவளே சொல்லிவிட்டாள்.

"இந்தமுறை நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. தலையை மட்டும் ஆட்டுங்கோ."

எங்கள் ஒரே மகள் மேனுகாவுக்கு வயது முப்பத்திரண்டு. கண்டாவளையில் அந்த வயதில் பெண் வீட்டில் இருந்தால், தாய்க்காரி கோயிலுக்குப் போய்வருவதே பெரும்பாடு. கும்பிட வந்ததுகள் எல்லாம் சாமியை விட்டுவிட்டு இவளைத்தான் விசாரிக்கும். ஆகவே ஓம் என்று ஒப்புக்கொண்டேன்.

அன்று காலை நான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது மேனுகா கொட்டிலுக்கு வந்தாள். அவள் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது அரசாங்க மருத்துவிச்சி. ஊரில் மிஸ்ஸி என்பார்கள். கர்ப்பிணிகளைப் பார்க்க ஸ்கூட்டியில் வாய்க்கால் கரையெல்லாம் திரிகிறவள், தாய் சொன்னதற்காக அன்று லீவு போட்டிருந்தாள்.

"அப்பா, எனக்கு விருப்பமில்லையெண்டால் சொல்லலாமோ?"

"வாறவையை முதல்ல பாப்பம் பிள்ளை," என்றேன். அது பதிலில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பத்து மணிக்கு வான் வந்தது. வந்தவர் மாப்பிள்ளை தர்சனின் தகப்பன் பரமலிங்கம், முப்பத்தைந்து வருடமாக லண்டனில் இருக்கிறவர். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் போகிற வழியில் எங்களிடம் இறங்கியிருந்தார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையாம். தனக்குப் பெண் பார்க்க லீவு எடுக்காதவன் வேறு எதற்கு எடுப்பான் என்று கேட்க வாய் உன்னியது. தலையை ஆட்டினேன்.

முன்விறாந்தையில் இரண்டு கதிரை. நடுவில் ஸ்டூல், அதன்மேல் வெற்றிலைத் தட்டம். கதை சரிவந்து தட்டம் கைமாறினால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். பிறகு தலைகீழாக நின்றாலும் பின்வாங்க முடியாது. விறாந்தையைப் பார்த்த அறைக்குள் மேனுகா சேலை கட்டிக்கொண்டு இருந்தாள். கூப்பிடும்வரை வெளியே வரக்கூடாது என்பது கமலாசனியின் கட்டளை. அவள் தன் பங்குக்கு வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள்.

பரமலிங்கம் ஒரு தோல் உறையைத் திறந்து இரண்டு சுருட்டுகளை எடுத்தார். சுருட்டு என்று சொல்லவே கூச்சமாயிருந்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம், என் பெருவிரலை விடத் தடிப்பு. மேல் இலையில் ஒரு நரம்பு துருத்தவில்லை.

"கியூபாச் சாமான். ஒண்டரை மணித்தியாலம் நிண்டு எரியும். ஒரு சுருட்டு முடியிறதுக்குள்ள ஒரு விசயத்தை முடிக்கிறது என்ர பழக்கம், சம்பந்தி. இது முடியேக்க தட்டத்தை மாத்துவம்."

அதற்குள் சம்பந்தியாகிவிட்டேன்.

நானும் சுருட்டுக்காரன்தான். கையில் வந்ததும் பழக்கதோஷத்தில் நுனியைக் கடித்து முற்றத்தில் துப்பினேன். கெதியில் எரிந்து முடியாமலிருக்க, நாங்கள் எச்சில் பூசுகிற மாதிரி அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை நக்கியும் விட்டேன்.

"ஐயோ! என்ன செய்யிறியள்?" மனிதர் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார். "வெட்டுறதுக்கு இஞ்ச சாமான் கிடக்குது. இது நக்கிறதில்லை!"

திரைச்சீலை இருமியது.

பிறகு சட்டதிட்டங்களைச் சொன்னார். புகையை உள்ளே இழுக்கக்கூடாது. சாம்பலைத் தட்டக்கூடாது, அது தானாக விழும். நிமிடத்துக்கு ஒரு தரத்துக்கு மேல் இழுத்தால் சூடேறிவிடும்.

"முக்கியமா, இடையில நெருப்பை நூக்கக்கூடாது. நூத்துப்போட்டுத் திருப்பிப் பத்தினால் கைக்கும். பத்தினால் முழுக்கக் குடிக்கவேணும்."

எங்கள் சுருட்டுக்கு இந்த விதி இல்லை. வயலுக்குத் தண்ணீர் முறை வந்தால் எந்தக் கதையானாலும் பாதியில் விட்டு, நெருப்பைத் தேய்த்து அணைத்து, குறையைக் காதில் செருகிக்கொண்டு எழும்புவோம். ஒரு சுருட்டு ஒரு நாளில் நாலு தரம் நூர்ந்து நாலு தரம் பற்றும். எழும்பினவனை ஏன் என்று ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. சிறுபோகத் தண்ணீர் அப்படி, விட்டால் பயிர் போச்சு. அன்று என் முறை பதினொன்றரைக்கு.

நீளமான நெருப்புக்குச்சியால் பற்றவைத்தார். முதல் இழுவையில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் காய்ந்த வைக்கோலின் மணம் வந்தது. மூன்றாவதில் வறுத்த கோப்பிக்கொட்டை. எங்கள் சுருட்டு தொண்டையில் குத்துகிற இடத்தில் இது வழுக்கிக்கொண்டு போனது. வாயில் புகையை வைத்துக்கொண்டு நான் கண்ணை மூடிவிட்டேன்.

"எப்பிடி?"

"நல்ல சாமான்," என்றேன். பொய்யில்லை.

அவர் கலியாணம் ஆவணியில் என்றார். தலையை ஆட்டினேன். பதிவெழுத்து அடுத்த கிழமையே என்றார். அதற்கும் ஆட்டினேன். சாம்பல் ஓர் அங்குலத்துக்கு வெள்ளையாக, விழாமல் நின்றது. அது என்னால் விழக்கூடாது என்பதற்காகவே நான் அசையாமல் இருந்தேன். கால் விறைத்தது. தலைக்குமேல் மின்விசிறி சுற்ற, எங்கள் இரண்டு பேரின் புகையும் மேனுகாவின் ஜன்னலுக்குள்ளே போய்க்கொண்டிருந்தது.

நடுப்பகுதி வந்தபோது சுவை மாறியது. பனங்கட்டியை நெருப்பில் வாட்டின மாதிரி ஓர் இனிப்பு, அடியில் துளி உப்பு. அறுபத்தொரு வயதில் நாக்குக்குப் புதிதாக ஒன்று கிடைப்பது லேசான காரியமில்லை. கமலாசனி வாய் திறக்காதே என்றாளே, அதற்கு இதைவிடத் தோதான அடைப்பு உலகத்தில் கிடையாது என்று நினைத்தேன்.

"பிள்ளையை வேலையை இப்பவே விடச் சொல்லுங்கோ," என்றார் பரமலிங்கம். "விசா வர முதல் கடிதம் குடுக்கவேணும். வந்தால் ஒரு அஞ்சு வருசத்துக்கு ஊர்ப்பக்கம் வர ஏலாது."

அந்த வேலைக்காக மேனுகா இரண்டு தரம் சோதனை எழுதினவள். நியமனக் கடிதத்தைச் சாமிப்படத்துக்குக் கீழே ஒரு மாதம் வைத்திருந்தாள். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இன்னொரு இழுவை இழுத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. நான் அந்தப் பனங்கட்டி இனிப்புக்குள்ளே இருந்தேன்.

கடைசிப் பகுதியில் சூடு ஏறியது. மிளகு கடித்த மாதிரி நாக்கு எரிந்தது. "இதுதான் இதின்ர உண்மையான குணம்," என்று பரமலிங்கம் நன்றாகச் சாய்ந்து இருந்தார். கண் கொஞ்சம் சொக்கியிருந்தது. விசயம் முடிந்துவிட்டது என்ற நினைப்பில் மனிதர் உள்ளதைக் கொட்டினார்.

"என்ர மனிசிக்கு ஒருபக்கம் ஏலாது, சம்பந்தி. மூண்டு வருசமாப் படுக்கை. கழுவித் துடைக்கிறதிலயிருந்து எல்லாத்துக்கும் பக்கத்தில ஒராள் நிக்கவேணும். அங்க காசுக்கு ஆள் பிடிச்சாலும் நாலு நாளைக்கு நிக்காதுகள். இந்த வேலை படிச்ச பிள்ளையெண்டதாலதான் உங்கட குறிப்பை எடுத்தனாங்கள். பொருத்தம் பாத்தது பிறகுதான்."

"தம்பி தர்சன் என்ன சொல்லுறார்?" அன்று நான் கேட்ட முதல் கேள்வி அது.

"அவன் என்னத்தைச் சொல்லுறது? தாயைப் பாக்க ஆள் வந்தால் அவனுக்கு அது போதும்."

திரைச்சீலை ஆடாமல் நின்றது. என் கையில் இன்னும் இரண்டு அங்குலம் எரிந்துகொண்டிருந்தது. அவருடையதும் அவ்வளவுதான். அவர் கண் தட்டத்தின் பக்கம் போனது.

எனக்கு நெஞ்சுக்குள் கொதித்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. பாவம் அந்த மனுசி படுக்கையில் கிடக்கிறாள், அவளோடு எனக்கு என்ன கோபம்? ஆனால் என் பிள்ளையை ஒரு கட்டில்காலில் கட்டிவிட்டுத்தானா நான் கோயில் வாசலில் நிமிர்ந்து நடக்கவேண்டும்?

எழும்பினேன். விறைத்த கால் தள்ளாடியது. சுருட்டு நெருப்பை விறாந்தைத் தூணில் வைத்துத் தேய்த்தேன். சாம்பல் சீமெந்தில் கொட்டுண்டது.

"ஐயோ, நூக்கக்கூடாதெண்டு சொன்னனானெல்லோ!"

"தண்ணி முறை வந்திட்டுது," என்று குறையைக் காதில் செருகினேன். அந்தத் தடியன் காதில் நிற்கவில்லை, விழுந்துவிட்டான். பொறுக்கிச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"விசயம் முடியேல்லையே, சம்பந்தி!"

"முடிஞ்சுது. பிள்ளைக்கு விருப்பமில்லை. காலமையே கேட்டவள், நான்தான் மறுமொழி சொல்லேல்லை."

பரமலிங்கம் உதவிக்கு வாசலைப் பார்த்தார். கமலாசனி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வெற்றிலைத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

வான் போன பிறகு, வயலுக்குப் போகமுன் மேனுகாவின் அறையைத் திறந்தேன். உள்ளே புகை மண்டிக்கிடந்தது. அவள் ஜன்னலோரக் கதிரையில் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"எல்லாம் கேட்டதோ பிள்ளை?"

"கேட்டது. நானே வந்து சொல்லுவமெண்டு மூண்டு தரம் எழும்பினனான் அப்பா."

"பிறகேன் வரேல்லை?"

அவள் என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு நின்ற குறைச் சுருட்டைப் பார்த்தாள்.

"நீங்கள் கண்ணை மூடி அதைக் குடிச்சுக்கொண்டிருந்தியள். நீங்கள் இவ்வளவு சந்தோசமா இருந்து நான் ஒருநாளும் காணேல்லை. அது முடியட்டும், பிறகு சொல்லுவமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."