கை படக் கூடாது

மேலே ஊற்றிய சேற்றுத் தண்ணீர் கீழே கன்னங்கரேலென்று வந்தது. அடிப்பக்கம் வெட்டிய பெரிய பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, கழுத்தில் பஞ்சு, அதன் மேல் கரித்தூள், மணல், கூழாங்கல் என்று அடுக்கி, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சாயங்காலம் முழுக்கச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து செய்த வடிகட்டி அது. உள்ளே போனதைவிட வெளியே வந்ததுதான் அழுக்கு. அதைச் செய்தவள் மூக்கில் விரல் வைத்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் வாண்டு தம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நான்காம் வகுப்புக்காரியான அவன் அக்கா சிரிக்கவில்லை. ஃப்ரிட்ஜைப் பார்த்து, "கரியக் கழுவிட்டுப் போட்டிருக்கணும்" என்றாள்.

ஃப்ரிட்ஜிடம்தான் சொன்னாள். அந்த வீட்டில் அது வழக்கமாகிவிட்டிருந்தது. வடிகட்டி செய்தவள் அந்தப் பிள்ளைகளின் அப்பாவுக்கு இரண்டாம் தாரமாக வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. முதல் மனைவி காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. கல்யாணத்தன்றே லாரிக்காரர், அதாவது அவள் புருஷன், பிள்ளைகளைக் கூப்பிட்டு, "சித்தின்னு கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார். பிள்ளைகள் மாட்டேன் என்று சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை. மொட்டையாகவே பேசிப் பழகிவிட்டார்கள். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. வாங்க, இருங்க, சாப்பிட்டீங்களா, எல்லாம் உண்டு. ஆனால் அவளைக் கூப்பிட வேண்டி வந்தால் வாண்டு பக்கத்தில் வந்து அவள் திரும்பும்வரை நிற்பான். பெரியவள் செருமுவாள், இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜிடம் சொல்வாள். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் காது இருந்திருந்தால் சோப்பு தீர்ந்தது முதல் செருப்பு அறுந்தது வரை அந்த வீட்டுச் சங்கதி அத்தனையும் அதற்கு அத்துப்படி ஆகியிருக்கும்.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. பகல் முழுக்கக் கவுண்டரில் நிற்பவளை வருகிறவன் போகிறவனெல்லாம் அக்கா என்பான், சிஸ்டர் என்பான், ஏம்மா என்பான். இருமல் மருந்து வாங்க வந்த கிழவர் ஒருவர் மகளே என்றுகூடக் கூப்பிட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் அவளுக்கு ஒரு பெயரும் கிடையாது. அது வலித்தது. யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால், வந்த உடனே உறவு கொண்டாட வேண்டுமாக்கும் என்பார்கள். ஒருநாள் மனம் பொறுக்காமல் புருஷனிடம் போனில் சொல்லியும் பார்த்தாள். "நாளாக நாளாகச் சரியாயிடும், விடு" என்றார் அவர். கியர் இறுக்கமாக இருக்கிறது என்று கிளீனர் சொன்னாலும் அவர் அதையேதான் சொல்வார்.

அதனால்தான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி என்றதும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். அக்காவும் தம்பியும் சேர்ந்து செய்யலாம் என்று சொல்லியிருந்தார்கள். கூடவே ஒரு கண்டிப்பும் இருந்தது. போன வருஷம் யாரோ ஒரு அப்பா மோட்டாரெல்லாம் வைத்து ஒரு பாலத்தையே கட்டிக் கொடுத்து, பையனுக்கு அதைத் தூக்கவும் இறக்கவும் தெரியாமல் மானம் போய்விட்டதாம். அதனால் இந்த வருஷம் வீட்டுப் பெரியவர்கள் யாருடைய கையும் படக் கூடாது, பட்டது தெரிந்தால் போட்டியிலிருந்து எடுத்துவிடுவோம் என்று தலைமையாசிரியை அறிவித்திருந்தார். அதற்காக எந்த வீட்டில் சும்மா இருந்தார்கள்? தெரு முழுக்க அப்பன்மார்கள் பசையும் கத்தரிக்கோலுமாகத்தான் அலைந்தார்கள். அவள் கரியைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போனது. வாண்டு மணலைச் சலித்தான், பெரியவள் கூழாங்கற்களைப் பொறுக்கினாள். கடைசியில் ஒரு சாயங்காலம் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தெளிந்து வந்தபோது மூன்று பேரும் மூச்சுக்கூட விடாமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒத்திகை. நடுவர் கேள்வி கேட்பார்களே, திருதிருவென்று முழிக்கக் கூடாதே. அவள் நாற்காலியைப் போட்டு, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நடுவர் மாதிரி உட்கார்ந்தாள்.

"இது குடிக்கிற தண்ணியா?"

"இல்ல மேடம். இதுல கிருமி இருக்கும். கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும், மேடம்."

"வீட்டுல யாராவது உதவி பண்ணாங்களா?"

"இல்ல மேடம். நாங்களேதான் செஞ்சோம், மேடம்."

அந்த மேடம் அவளை என்னவோ செய்தது. விளையாட்டுக்குத்தான், அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்து ஏதோ ஒன்றைச் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். போதும் என்று பெரியவள் சலித்துக்கொண்ட பிறகும், "இன்னும் ஒரே ஒரு தடவ, நல்லா மனசுல பதியட்டும்" என்று கெஞ்சாத குறையாக மறுபடி உட்காரவைத்தாள். நன்றாகத்தான் பதிந்தது. "யார் எப்படிச் சுத்தி வளச்சுக் கேட்டாலும் வீட்டு ஆளுங்களக் காட்டிக் குடுக்கவே கூடாது, சரியா?" என்று வாண்டுவின் கன்னத்தைத் தட்டினாள். அவன் பெரிய மனுஷன்போல் தலையாட்டினான்.

கண்காட்சியன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள். கூடம் முழுக்க எரிமலையும் காற்றாலையும் நெரிந்தன. பெற்றோர்களெல்லாம் தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் மேஜைகளுக்கு இரண்டடி தள்ளி நின்றார்கள். அவளும் அப்படியே நின்றாள். கண்ணாடி போட்ட நடுவரம்மா தங்கள் மேஜைக்கு வந்தார். பெரியவள் கடகடவென்று சொன்னாள். வாண்டு சேற்றுத் தண்ணீரை ஊற்றினான். பாட்டிலுக்குள் தண்ணீர் அப்படியே நின்றது. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. வழியில் பாட்டில் குலுங்கியதில் பஞ்சு நழுவி மூடி ஓட்டையை அடைத்திருக்க வேண்டும். பெரியவளின் உதடு நடுங்க ஆரம்பித்தது.

அவளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. யோசித்துச் செய்திருந்தால் செய்திருக்கவே மாட்டாள். எட்டி வந்து தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி மூடி ஓட்டைக்குள் விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். தண்ணீர் சொட்டியது, தெளிவாக.

நடுவரம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். "இவங்க யாரு?"

பெரியவள் தரையைப் பார்த்தாள். வாண்டுதான் முந்திக்கொண்டான். சொல்லிக்கொடுத்ததற்கு ஒரு படி மேலேயே போனான்.

"தெரியாது, மேடம். இவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். அவள் சிரிக்கத்தான் முயன்றாள். பிள்ளை பாடத்தை ஒப்பித்தானா, மனதில் இருந்ததைச் சொன்னானா? பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை.

"சும்மா பாக்க வந்தேங்க. தண்ணி வரலயேன்னு..."

"பசங்க பண்ணி வச்சதுல கை வைக்காதீங்கம்மா. அப்படித் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றாள். அங்கேயும் இருப்புக்கொள்ளாமல் பின்னால் நகர்ந்து, கடைசிவரிசை ஆட்களுக்கும் பின்னால் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் பெரியவளின் ரிப்பன் மட்டும்தான் தெரிந்தது. காலையில் அவள் கட்டிவிட்ட ரிப்பன்.

வடிகட்டிக்கு இரண்டாம் பரிசு. பிள்ளைகளை மேடையேற்றிக் கையில் கோப்பையைக் கொடுத்தார்கள். முதல் பரிசுப் பையன் அப்பா அம்மா நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கியதும், "அடுத்து இவங்க வீட்டுலேர்ந்து வாங்க, போட்டோ எடுத்துடலாம்" என்று கூப்பிட்டார்கள். யாரும் போகவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அவள் கால் ஒரு அடி முன்னால் வந்தது. மேடையில் அந்த நடுவரம்மா நின்றுகொண்டிருந்தார். போனால் குட்டு உடைந்துவிடும். இத்தனை பேர் முன்னால் பிள்ளைகள் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கிவிடுவார்கள். வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

பெரியவள் கூட்டத்தில் கண்ணை ஓட்டிக்கொண்டே வந்து அவளைக் கண்டுபிடித்துவிட்டாள். சுவரோரம் நின்றவள் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. உனக்கேன் வம்பு, சொல்லாதே என்று. ஆட்டும்போதே, சொல்லேன், எதையாவது சொல்லிக் கூப்பிடேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஏம்மா, அம்மா வரலயா?" நடுவரம்மா மைக் பக்கத்திலேயே கேட்டார்.

"எங்களுக்கு அம்மா இல்ல" என்றான் வாண்டு. "அப்பா லாரில போயிருக்காரு."

கூடத்தில் ஐயோ பாவம் என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பக்கத்தில் நின்ற பெண்மணி அவளிடமே திரும்பி, "பாருங்க, தாயில்லாப் பிள்ளைங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் ஆமாம் என்று தலையசைத்தாள்.

நடுவரம்மா மனமிளகி, தானே வந்து இருவருக்கும் நடுவில் நின்று, ஆளுக்கொரு தோளில் கை போட்டுக்கொண்டார். வாண்டு கோப்பையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தான். கேமராவைப் பார்க்கச் சொல்லி போட்டோக்காரர் இரண்டு தடவை சொல்லியும் பெரியவள் திரும்பவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், சுவரோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லப்போவதுபோல் வாய் பாதி திறந்திருந்தது. அப்படியே எடுத்துவிட்டார்கள்.