கோட்டுக்கு வெளியே நாற்பது மைல்

அந்த அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேல் என்று பெயர். யார் மனுவோடு வந்தாலும் கடல் வரைபடத்தின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து அளந்து காட்டுவார். போர் எல்லைக்குச் சிவப்புக் கோடு. கோட்டுக்குள் செத்த மாலுமிக்கு நினைவுச் சுவரில் பெயர் உண்டு. வெளியே செத்தவன் செத்தவன்தான்.

தையற்காரியின் தம்பி கோட்டுக்கு நாற்பது மைல் வெளியே செத்தான். சண்டைக்குப் போகும் வழியில் ஒத்திகை. பனிமூட்டத்தில் சொந்தப் படைக் கப்பலே வந்து இடித்ததில் அறுபத்தொரு பேர் மூழ்கினார்கள். பதினெட்டு வருடமாக மனு கொடுத்து அவள் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

"மறுபடியுமா? கடல் நகர்ந்திருச்சான்னு பாக்க வந்தியா?" என்றார் ஸ்கேல்.

"கடல் நகரல சார். உங்க கோடுதான் நகர்ந்திருக்கு."

சுவரில் இருந்த ஒரு பெயரின் புகைப்படத்தை மேசைமேல் போட்டாள். "இவரு என் தம்பி கப்பல் சமையல்காரர். ரெண்டு பேரும் ஒரே தண்ணியில செத்தாங்க. இவரு மட்டும் எப்படி உள்ள வந்தாரு?"

போன வாரம் சுவரடியில் ஸ்டூல் போட்டு ஏறி, ஈரத்துணியால் அந்தப் பெயரைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள், மகன் கடைசியாகப் போன கப்பலின் எண்ணைப் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அது தம்பி போன கப்பலின் எண். தையற்காரிக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

ஸ்கேல் பதிவேடுகளைப் புரட்டினார். ஒத்திகைக்கு ஆள் குறைந்ததால் சமையல்காரரை வேறு கப்பலிலிருந்து பத்து நாளைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதிவேட்டில் அவர் பெயரைப் புதுக் கப்பலுக்கு மாற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை. அவருடைய பழைய கப்பலோ கோட்டுக்குள் நின்றிருந்தது.

ஸ்கேலின் முகம் செத்தது. அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம் அவர் சிரித்தார்.

"தப்புதான். புகாரா எழுதிக் குடு. அடுத்த வாரமே உளி வெச்சுப் பேரை எடுத்துடறேன்."

"சார், நான் சேக்கத்தான் சொன்னேன். எடுக்கச் சொல்லல!"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. அந்த ஆளை ஸ்கேலாலேயே சாத்தலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் கண்ணுக்குள் அந்த ஸ்டூலும் ஈரத்துணியும்தான் நின்றன. புகைப்படத்தை எடுத்துக்கொண்டாள்.

"இது வேற ஆளு சார். பேரு ஒண்ணு, அவ்வளவுதான். எனக்குக் கண்ணு சரியில்ல."

"ஊசியில நூல் கோக்கற கண்ணுக்கா?" ஸ்கேல் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "தப்பான தகவல் குடுத்தேன்னு எழுது. இனிமே உன் மனு எதுவும் இந்த மேசைக்கு வராது, புரியுதா?"

புரிந்தது. எழுதினாள். பதினெட்டு வருடம் நான்கு வரியில் முடிந்தது.

"சுவத்துல இருக்கற பேரு சரின்னு நீங்களும் கீழ எழுதி, சீல் வெச்சு ஒரு நகல் குடுங்க" என்றாள். தன் அலுவலகத்தின் தப்பு அமுங்கினால் போதுமென்று, அவரும் முணுமுணுத்துக்கொண்டே குத்திக் கொடுத்தார். இனி அந்தப் பெயரில் உளி படாது.

திரும்பும் வழியில் சுவரடியில் அதே அம்மாள் ஸ்டூல் மேல் நின்றிருந்தாள்.

"உன் தம்பி பேரு எந்த வரிசையிலம்மா?"

"இல்லம்மா. அவன் கோட்டுக்கு வெளியே செத்துட்டான்."

"அடப் பாவமே. என் புள்ள குடுத்து வெச்சவன்."

"ஆமாம்மா" என்றாள் தையற்காரி. அம்மாள் எட்டித் துடைத்ததில் ஸ்டூல் ஆடியது. குனிந்து அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.