கல் இறங்கக் கூடாது

1

புவனா ஸ்கூட்டரைப் பள்ளிக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியை உருவிக் கைப்பையில் போட்டார். லாரி ஒரு முழம் தள்ளி பிரேக் அடித்து நின்றது. அதன் மேல், வைக்கோல் மெத்தையில் ஒரு கருங்கல் பலகை. அன்னூர்ப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்கு நாளை புதுக் கட்டடத் திறப்பு விழா. அதற்குள் கல் சுவரில் ஏறிவிட வேண்டுமாம்.

பின்னால் வந்த காரிலிருந்து தம்பிதுரை இறங்கினார். ஊரில் பெரிய தோட்டத்துக்குச் சொந்தக்காரர்.

"ஏனம்மணி, வண்டிய எடு."

"எடுக்க முடியாதுங்கண்ணா. நான் ஹெட்மிஸ்ட்ரஸ். கேட்டு என் பொறுப்பு."

2

இந்தக் கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். பெரியநாயக்கன்பாளையம் பேக்கரி ஒன்றில் வின்ஸ்டன் என்னைப் பிடித்துக்கொண்டார். லேத் பட்டறை வைத்திருக்கும் வாசகர்.

"ஏனுங்க, வாராவாரம் கதையில கொலை செஞ்சுட்டிருக்கறீங்க. ஒருக்கா கவர்மெண்ட் ஸ்கூல் கட்டறதப் பத்தி எழுதறது?"

"பொணம் இல்லாத கதைய ஆருங்க படிப்பா?"

"நாங்க படிச்ச கட்டடத்துல ஓடு விழுந்துட்டே இருக்குமுங்க. பொணம் விழாததே அதிசயம்."

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: பள்ளி வராண்டாவில் ஒரு நிழல் மெல்ல அசைந்து...

அடித்துவிட்டேன். நிழலா வந்து கட்டடம் கட்டப்போகிறது?

3

கல்லின் கதை இது. பள்ளிக்கு இடம் தந்தவர் ஒரு பெரியவர்; இப்போது இல்லை. பழைய கட்டடத்தின் நெற்றியில் அவர் பெயர் இருந்தது. அதில் தப்பே இல்லை. (கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தாலும் 'உபயம்' எழுதி வெளிச்சத்தில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஆட்கள் நாம்.) ஆனால் அந்தக் குடும்பத்தில் கல்யாணம் என்றால் பள்ளிக்கு விடுமுறை. ஆய்வகத்தில் அடுப்பு மூட்டுவார்கள். கேட்டால், "எங்க பள்ளிக்கூடந்தானே."

புதுக் கட்டடம் முழுக்க அரசுப் பணம். புது ஆய்வகம், நூலகம், பெண் பிள்ளைகளுக்குக் கதவுள்ள கழிப்பறை. லாரியில் வந்த கல்லிலோ, அதே பெரியவரின் பெயருக்குக் கீழே 'நினைவுக் கட்டடம்'.

"எடம் ஆரு குடுத்தது?" என்றார் தம்பிதுரை.

"எடத்துக்குண்டான பழைய கல்லு ஆபீஸ் ரூம் செவுத்துல பத்தரமா இருக்குதுங்க. கட்டடம் ஊரு காசு. தீப்பெட்டி வாங்குனவனும் வரி கட்டியிருக்கான். அத்தன பேரு பேரையும் வெட்டீட்டு வாங்க, வழி உடறேன்."

"ஒரு போன் போட்டன்னா நாளானிக்கு நீ கூடலூர்ல இருப்பே."

"போடுங்க. அங்கயும் ஸ்கூல் இருக்குது."

(புவனாவை இவ்வளவு வாயாடியாக்கலாமா என்று யோசித்தேன். ஆக்கலாம்.)

4

முடிவுகள்.

ஒன்று: புவனா வண்டியை எடுக்கிறார். அடுத்த முகூர்த்தத்தில் புது ஆய்வகத்தில் சாம்பார் கொதிக்கிறது.

இரண்டு: கல் சரிந்து உடைய, தம்பிதுரை மனம் திருந்தி... சீ. தானாக உடைகிற கல்லை நம்பிக் கதை பண்ண மாட்டேன்.

மூன்று: மாற்றல் உத்தரவு. அதை என் கையால் எழுத மாட்டேன். என்ன செய்துகொள்வீர்கள்?

என் கதையில் புவனா கேட்டை விட்டு நகரப்போவதில்லை. லாரி திரும்பியதா, ஏறி வந்ததா? அதை நீங்கள்தான் முடிக்க வேண்டும். முடிப்பதற்கு முன், நான் இதுவரை அமுக்கி வைத்திருந்த பேச்சையும் கேட்டுவிடுங்கள்.

தம்பிதுரை கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அப்பன் பேரு அம்மணி அது."

"எனக்கும் அப்பன்தானுங்கண்ணா. லாரியத் திருப்பச் சொல்லுங்க."