நான்காவது பூட்டு

புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்று இரண்டு நாளாகிறது. காரணம், ஒரு சோபா. அவளைக் கேட்காமல் வாங்கி வந்துவிட்டான். அது வாசலுக்குள் நுழைய மறுத்தது. "கப்பல்ல அத்தனை பெட்டி ஏத்துறே, இதை உள்ளே வைக்கத் தெரியலையா?" என்று சிரித்தும் தொலைத்தான்.

அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். அவன் கன்டெய்னர் லாரி. வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், இங்கே முடியாது. கன்டெய்னரை லாரியோடு பிணைக்கும் நான்கு மூலைப் பூட்டுகளையும் டிரைவர் திறந்துவிட்டு, வாக்கி-டாக்கியில் "நாலும் திறந்தாச்சு" என்று வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கிரேன் தூக்கும்.

அன்று காலை அவன் சொல்லவில்லை. ஜன்னல் வழியே கட்டைவிரலை மட்டும் உயர்த்தினான்.

துரைக்கு ரோஷமாக்கும்! கேட்டால் இவள் இறங்கிவந்த மாதிரி ஆகிவிடும். லீவரை இழுத்தாள்.

காலடியில் பதித்த கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். கன்டெய்னரோடு லாரியின் முன்பக்கமும் கோணலாக மேலே வந்துகொண்டிருந்தது. ஒரு பூட்டு திறக்கவில்லை!

சட்டென்று நிறுத்தினாள். அதற்குள் லாரிக் கதவு திறந்தது. அவன் ஒரு காலை வெளியே போட்டுவிட்டான். குதித்தால், ஆடுகிற லாரி அவன் மேலேயே சாயும்.

"டேய்! குதிக்காதேடா! உள்ளே போ!"

துறைமுகத்தின் அத்தனை வாக்கி-டாக்கியும் அலறின. கால் உள்ளே போனது.

"போயிட்டேன்மா."

"கெட்டியா பிடிச்சுக்க. மெதுவா இறக்கறேன். பேசிக்கிட்டே இரு."

"என்ன பேச?"

"எதையாவது! ரெண்டு நாள் பேச்சு பாக்கி இருக்கே!"

அவன் சோபாவின் நீள அகலத்தைச் சொல்லத் தொடங்கினான். அவள் அங்குலம் அங்குலமாக இறக்கினாள். சக்கரங்கள் தரையைத் தொட்டன.

கீழே சூப்பர்வைசர் காத்திருந்தார்.

"வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்திடும்? ரெண்டு பேரையும்தான் கேக்கறேன்!"

"கேக்காம தூக்கினது என் தப்பு சார்."

"பூட்டைத் திறக்காம விட்டது நான் சார்."

"இதுலயும் போட்டியா? விசாரணை முடியற வரைக்கும் வேலை கிடையாது. வீட்டுக்குப் போங்க!"

கேட்டை நோக்கி நடந்தார்கள்.

"அத்தனை பேர் முன்னாடி 'டேய்'ன்னுட்டியே."

"வலிச்சுதா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

கிரேனிலிருந்து இறங்கியதும் பற்றிய அவன் சட்டைக் கையை அவள் இன்னும் விடவில்லை.